நடுவில் ஒரு நட்சத்திரம்

பழைய ஆய்வுக்கூட நோட்டை உதறியபோது அந்தக் காகிதம் தரையில் விழுந்தது. வடிதாளிலிருந்து வெட்டிய சின்னத் துண்டு, உள்ளங்கையில் பாதிகூட வராது. நடுவில் பென்சிலால் போட்ட ஒரு வட்டம். அதற்குக் கீழே, இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில் ஒரு தேதியும் ஒரு குறியீட்டு எண்ணும். வட்டத்துக்குள் எதுவும் இல்லை, வெறும் வெள்ளை. என் கணவர் குனிந்து எடுத்து, "என்னது இது, டீ பேக் கிழிஞ்சிருச்சா?" என்று கேட்டபடி குப்பைத் தொட்டியை நோக்கி நகர்ந்தார். நான் பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வெள்ளைக்குள் ஒரு பிளாஸ்மிட் காய்ந்து கிடக்கிறது. பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் இருக்கும் வளையம் போன்ற சிறு மரபணுத் துண்டு. அந்த வளையத்தை ஓரிடத்தில் வெட்டி, நமக்கு வேண்டிய மரபணுவை இடையில் வைத்து ஒட்டி, திரும்பவும் பாக்டீரியாவுக்குள் விட்டுவிட்டால், அது நமக்கு வேண்டிய புரதத்தைச் செய்து தரும். இதை வேறோர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டுமானால் பெரிய ஏற்பாடெல்லாம் தேவையில்லை. வடிதாளில் ஒரு சொட்டு விட்டு, காயவைத்து, சொட்டு விழுந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, சாதாரணத் தபால் உறைக்குள் வைத்து அனுப்பலாம். பேனா கூடாது, மை கரைந்து கலந்துவிடும். வாங்குகிறவர் வட்டத்தை வெட்டித் தண்ணீரில் ஊறவைத்தால் போதும். என் கையில் இருந்த துண்டு அப்படி அனுப்புவதற்காகத் தயார் செய்யப்பட்டு, கடைசியில் எங்கும் போகாமல் என் நோட்டுக்குள்ளேயே பதினாறு வருடம் இருந்துவிட்டது.

நோட்டை நான் ஏன் தேடினேன் என்றால், என் ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்த டாக்டருக்குப் பாராட்டு விழா. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை. விழாக் குழுவிலிருந்து ஒருவர் எனக்குத் தொலைபேசியில் அழைத்து, "நீங்க டாக்டரோட பழைய மாணவி. ரெண்டு நிமிஷம் வாழ்த்துரை குடுத்துடுங்க. பழைய படம் இருந்தா கொண்டாங்க. அப்படியே ஒரு நல்ல மாலையும் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார். வேலையை மூன்றாகப் பிரித்து மூன்றையும் என் தலையிலேயே வைத்துவிட்டார். சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டாக்டரை நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். பழைய ஆசிரியரைப் பற்றி எழுதும்போது கண் கலங்குவதுதான் வழக்கம். எனக்குக் கலங்குவதெல்லாம் வயிறுதான். கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், இளைஞர் கூட்டம் எல்லாவற்றிலும் பேசுவார். "கேள்வி கேளுங்க பிள்ளைகளா! கேள்வி கேட்டாத்தான் விஞ்ஞானம்! நம்ம ஜனங்கள மூடநம்பிக்கைதான் கெடுத்து வச்சிருக்கு!" என்று மேசையைத் தட்டுவார். கைதட்டல் கூரையைப் பிளக்கும். என் அப்பாவும் செந்தூலில் அப்படி ஒரு கூட்டத்தில் அவரைக் கேட்டுவிட்டு வந்துதான், "நம்ம ஆளு ஒருத்தரு இவ்வளவு பெரிய எடத்துல இருக்காரு, அவருகிட்ட போய்ப் படி" என்று என்னை அனுப்பினார்.

போனேன். முதுகலை ஆய்வு மாணவியாகச் சேர்ந்தேன். டாக்டரின் அறை எப்போதும், உருளைக்கிழங்கு மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப் வாசனையடிக்கும். காலையில் இரண்டு கறிபாப் சாப்பிட்டுவிட்டு, எண்ணெய் விரலை எதிரே கிடக்கும் எந்தத் தாளிலாவது துடைப்பார். அது மாணவர்களின் ஆய்வு முடிவாக இருக்கும், விடுப்புக் கடிதமாக இருக்கும், அவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. எங்கள் திட்டத்தின் அடிப்படையான மரபணு வடிவமைப்பு அச்சிட்ட தாளின் மூலையிலும் ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. அந்த வடிவமைப்பை அவரே உட்கார்ந்து போட்டதாகச் சொல்லி, எங்களை அதில் கை வைக்க விடமாட்டார்.

திட்டம் நல்ல திட்டம்தான், அதில் நான் குறை சொல்லமாட்டேன். ரப்பர் பாலில் இருக்கும் ஒரு புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு விரல் இடுக்கெல்லாம் சிவந்து, தோல் உரிந்து, சிலருக்கு மூச்சே திணறும். ஒரு சொட்டு இரத்தத்தை வைத்து அந்த ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு டாக்டர் யோசித்த வழி, ரப்பர் பால் புரதத்தின் மரபணுவையும், கடலில் இருக்கும் ஜெல்லி மீனின் பச்சை ஒளி தரும் புரதத்தின் மரபணுவையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே மரபணுவாக்குவது. அப்போது பாக்டீரியா இரண்டையும் ஒட்டிய ஒரே புரதமாகச் செய்யும். ஒரு பக்கம் ஒவ்வாமையைப் பிடிக்கும், மறுபக்கம் பச்சையாக ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும்.

இந்த வேலையைக் கையால் செய்தவர் அக்கா. ஆய்வுக்கூட உதவியாளர். எங்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான், டாக்டருக்கு மட்டும் "ஏம்மா". கிள்ளான்காரர். பள்ளி முடித்ததும் கையுறைத் தொழிற்சாலையில் ஏழு வருடம் வேலை பார்த்து, அதே ஒவ்வாமையால் கைகளைப் பாழாக்கிக்கொண்டவர். வேலையை மாற்று என்று கிளினிக்கில் சொல்லித்தான் இங்கே வந்து சேர்ந்தார். கணவர் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டினார். இரண்டு முறை கரு உண்டாகி இரண்டு முறையும் தங்கவில்லை. அக்கா அதை மறைத்ததும் இல்லை, சொல்லி அழுததும் இல்லை. "ஆண்டவன் குடுக்கறப்ப குடுக்கட்டும் லா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

என்ன வேலை! பட்டம் வாங்கிய எங்களுக்கெல்லாம் கை நடுங்கும், அவருக்கு நடுங்காது. கண்ணுக்குத் தெரியாத அளவு திரவத்தை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றில் விட்டு, ஐஸில் வைத்து, பிறகு நாற்பத்திரண்டு டிகிரி வெந்நீரில் சரியாக நாற்பத்தைந்து விநாடி வைத்து எடுப்பார். அந்தச் சூட்டில்தான் பாக்டீரியா கதவைத் திறந்து பிளாஸ்மிட்டை உள்ளே விடும். கடிகாரம் எதிரே இருந்தாலும் அக்கா அதைப் பார்க்கமாட்டார். உதடு மட்டும் அசையும்: "சத்து, டுவா, தீகா..." மலாயில்தான் எண்ணுவார். ஒரு நாள் சந்தேகப்பட்டு நான் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், ஒரு விநாடி பிசகவில்லை. இந்தத் திட்டம் அவர் கை மாதிரியான கைகளுக்காக என்பதால் அவருக்கு இதில் ஒரு தனிப் பிரியம். சோதனைக்கு முதல் இரத்தம் தன்னுடையதுதான் என்று சொல்லி வைத்திருந்தார்.

பச்சை வரவில்லை. பாக்டீரியா தட்டில் நன்றாகவே வளர்ந்தது, ஜவ்வரிசி மணி மாதிரி வரிசையாக. நீல விளக்கின் கீழே வைத்தால் பச்சையாக மின்ன வேண்டும், மின்னவில்லை. அக்கா மறுபடி செய்தார். மறுபடியும் வெள்ளை. மரபணுவின் எழுத்துகளைப் படித்துத் தரும் நிறுவனத்துக்கு, அக்கா ஒட்டியதை அனுப்பினோம். டாக்டர் போட்ட வடிவமைப்பும் அக்கா ஒட்டியதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றன, ஒரு பிழைகூட இல்லை என்று பதில் வந்தது. அந்த நம்பிக்கையில்தான், பினாங்கில் டாக்டரின் நண்பருக்கு அனுப்பலாம் என்று அக்கா வடிதாளில் சொட்டு விட்டு, வட்டம் போட்டு, தேதி எழுதி வைத்தார். டாக்டர் அந்த முடிவை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். ஊரெல்லாம் கேள்வி கேளுங்கள் என்று சொல்லித் திரிந்த மனிதர் கேட்ட கேள்வி இதுதான்: "ஏம்மா, உன் நட்சத்திரம் என்ன?"

அக்கா, "கேட்டை, டாக்டர்" என்றார்.

"கேட்டையா! கெட்டது போ. எழுத்தெல்லாம் சரியா இருக்கு, கலர் வரலன்னா என்ன அர்த்தம்? கைராசி இல்லன்னு அர்த்தம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால் நாங்கள் விளையாட்டு என்று நினைத்தோம். அந்த வருட ஆயுத பூஜைக்கு ஆய்வுக்கூடத்து இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தோம். பொட்டு வைத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் அப்பா வேனுக்கும் வைப்பார், எங்கள் வீட்டுத் தையல் மெஷினுக்கும் வைப்போம். ஆனால் டாக்டர் கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால் அக்காவைப் பார்த்து, "நீ கொஞ்சம் வெளிய நில்லும்மா" என்றார். அக்கா போய் நின்றார். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்துக் கைகூப்பினார். நாங்கள் எல்லோரும் கொண்டைக்கடலை வாங்கித் தின்றோம்.

வேலை தொடங்கிய எட்டாவது மாதம் அது நடந்தது. தேநீர் நேரம். டாக்டரின் அறையில் நாங்கள் ஆறேழு பேர். வேறு துறையிலிருந்து வந்த ஒருவர், "என்ன டாக்டர், உங்க பச்சை வந்துச்சா?" என்று கேட்டார். டாக்டர் கறிபாப்பை வாயில் வைத்துக்கொண்டே, "எங்க வர? அந்தப் பொம்பளைக்கு வயித்துலயும் தங்கல, தட்டுலயும் தங்கல" என்றார். அறையே சிரித்தது. வாயிலிருந்து தெறித்த துணுக்கை அவர் விரலால் தள்ளிவிட்டதுகூட எனக்கு நினைவிருக்கிறது. நானும் சிரித்தேன். பல்லைக் காட்டி, நன்றாகவே சிரித்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அக்கா தட்டுகளை அடுக்கிய தாம்பாளத்தோடு வாசலில் நின்றார். "டாக்டர், இதெல்லாம் ஃபிரிட்ஜ்ல வைக்கட்டா?" என்று கேட்டார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. தூ, என்ன ஜென்மங்கள் நாங்கள்.

மறுநாளிலிருந்து அக்காவுக்குச் சிங்க் வேலை. கண்ணாடிக் குடுவைகளைக் கழுவ வேண்டும், மரபணு வேலையில் கை வைக்கக் கூடாது. அவர் செய்ததை நான் செய்ய ஆரம்பித்தேன். பினாங்குக்குப் போகாமல் கிடந்த அந்த வட்டக் காகிதமும் அப்படித்தான் என் நோட்டுக்குள் வந்தது. இரண்டு முறை செய்தேன், இரண்டு முறையும் வெள்ளை. எனக்கு என்ன நட்சத்திரம் என்று டாக்டர் கேட்கவில்லை. "இப்பதானே ஆரம்பிச்சிருக்க, கை பழகட்டும்" என்றார்.

பிறகு ஒரு நாள் ஆய்வேட்டின் பின்னிணைப்புக்காக அந்த வடிவமைப்பைக் கணினியில் போட்டு, புரதமாக மாற்றிப் பார்த்தேன். இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். மரபணு என்பது நான்கே எழுத்துகளால் ஆன ஒரு நீண்ட வரி. செல் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். மரம் கடல் பழம் என்று இடைவெளி இல்லாமல் எழுதி, முதல் எழுத்தை விட்டுவிட்டால் 'ரம்க டல்ப ழம்' என்றாகிவிடும் அல்லவா, அந்த மாதிரி ஓர் எழுத்து பிசகினாலும் மொத்தமும் உளறலாகிவிடும். டாக்டர் எங்களை அதில்தான் பயமுறுத்தி வைத்திருந்தார். "மூணால வகுத்துப் பாரு, மூணால வகுத்துப் பாரு" என்று உயிரை எடுப்பார். நாங்களும் வகுத்து வகுத்துப் பார்த்தோம், சரியாக இருந்தது. எல்லோரும் எண்ணிக்கையையே பார்த்தோம், பொருளைப் பார்க்கவில்லை. சில மூன்றெழுத்துகளுக்கு 'இத்தோடு நிறுத்து' என்று பொருள். ஒவ்வொரு மரபணுவும் அப்படி ஒன்றோடுதான் முடியும். இரண்டு மரபணுவைச் சேர்க்கும்போது முதல் மரபணுவின் கடைசியில் இருக்கும் அந்த மூன்றெழுத்தை எடுத்துவிட வேண்டும். இது முதல் வருடப் பாடம்.

டாக்டர் அதை எடுக்கவில்லை. கணினித் திரையில் புரதத்தின் எழுத்துகள் வரிசையாக ஓடிவந்து, நடுவில் ஓரிடத்தில் ஒரு நட்சத்திரக் குறி நின்றது. 'நிறுத்து' என்பதைக் கணினி அப்படித்தான் காட்டும். அதற்கு இந்தப் பக்கம் ரப்பர், அந்தப் பக்கம் பச்சை. போர்ட் கிள்ளான் வரை போக வேண்டிய ரயில், கிள்ளானிலேயே கடைசி நிலையம் என்று சொல்லி எல்லோரையும் இறக்கிவிட்ட மாதிரி, செல் அந்த இடத்திலேயே வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கிறது. பச்சையைப் படிக்கவே இல்லை. எட்டு மாதமும் அக்கா ஒட்டியது அத்தனையும் அச்சு அசலாகச் சரி. தப்பை அப்படியே ஓர் எழுத்துகூட மாறாமல் செய்து கொடுத்திருக்கிறார். ஆகாத நட்சத்திரம் அக்காவிடம் இல்லை, டாக்டரின் தாளுக்கு நடுவில் இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே திரும்பிப் பார்த்தேன். பத்தடி தூரத்தில் அக்கா குடுவை கழுவிக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் டாக்டரின் அறைக்குப் போனேன். தாளைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு, "கதவச் சாத்து" என்றார். சாத்தினேன்.

"நல்லா கண்டுபிடிச்ச மா. கெட்டிக்காரி. இது நமக்குள்ள இருக்கட்டும். டிசைன மாத்தினோம்னு எங்கயும் எழுத வேணாம். கை மாத்தினோம், வந்துருச்சுன்னு சொல்லிக்கலாம். உன் தீசிஸுக்கு என் கையெழுத்து வேணும்தானே?" என்று புன்னகைத்தார். அந்தப் புன்னகையில் ஒரு மிரட்டலும் இருந்ததாக யாரும் நிரூபிக்க முடியாது. நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அப்பா செந்தூல் ஃபிளாட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இதெல்லாம் காரணம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். சீ, என்ன காரணம். பயம், அவ்வளவுதான்.

அந்த மூன்றெழுத்தை நீக்கிப் புதிதாகச் செய்தேன். முதல் தடவையிலேயே வந்தது. இருட்டறையில் நீல விளக்கைப் போட்டதும் தட்டு முழுக்கப் பச்சைப் பச்சையாக மணிகள். எல்லோரும் கத்திக் கூச்சல் போட்டார்கள். டாக்டர் என் தோளைத் தட்டி, "பார்த்தீங்களா, கைராசின்னா இது!" என்றார். யாரோ போய் அக்காவைக் கூட்டிவந்தார்கள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தவர், தட்டைத் தொடாமல் எட்டி நின்று பார்த்தார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். என் பக்கம் திரும்பி மெதுவாக, "நல்லவேளை மா, நான் கை வைக்கல" என்றார்.

நான் தட்டை மூடி வைத்தேன். மூன்று மாதத்தில் அக்காவின் ஒப்பந்தம் முடிந்தது, டாக்டர் நீட்டிக்கவில்லை. அவர் போன நாளில் நான் ஊரில் இல்லை, அல்லது இல்லாத மாதிரி பார்த்துக்கொண்டேன். கையெழுத்து கிடைத்தது, பட்டம் கிடைத்தது. இப்போது ஒரு கல்லூரியில் இதே பாடத்தைத்தான் நடத்துகிறேன். அந்த மூன்றெழுத்தை நீக்க வேண்டும் என்று சொல்லும் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் நடுவில் நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்வேன்.

விழா நாள் காலை, காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போனேன். ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்டால் தெரியாது, வீட்டில் வைக்க மனம் வரவில்லை. பூக்கடை வரிசையில் நடந்தபோது ஒரு கடையில் குனிந்த தலையோடு ஒரு பெண்மணி பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். முடியெல்லாம் நரைத்திருந்தது. தாண்டிப் போய்விட்டேன். பிறகு நின்றேன். ஒரு முணுமுணுப்பு காதில் விழுந்திருந்தது: "சத்து, டுவா, தீகா..."

அக்காதான். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, எழுந்து, என் கன்னத்தைத் தொட வந்து, ஈரக் கை என்று இழுத்துக்கொண்டார். அவருடைய அண்ணியின் கடையாம். பக்கத்திலேயே அண்ணியும் உட்கார்ந்திருந்தார். கைகள் நன்றாக இருந்தன, சிவப்பெல்லாம் போய்விட்டது. பிள்ளை இல்லை. "கல்யாண மாலையெல்லாம் அண்ணி கட்டுவாங்க. நான் சாமிக்கும் சாவுக்கும் மட்டும்தான். சாமிக்கு ராசி பார்க்க வேணாம், செத்தவங்களுக்கும் வேணாம்" என்று சர்வசாதாரணமாகச் சொன்னார்.

"உனக்கு யாருக்கு மா மாலை?"

"டாக்டருக்கு, அக்கா. பாராட்டு விழா."

அவர் முகம் மலர்ந்தது. ரோஜாவை எடுக்கப் போன கை சட்டென்று நின்றது. "டாக்டருக்கா? அப்ப நான் கை வைக்கல மா. அண்ணி கட்டட்டும். வயசான மனுஷன், என்னால அவருக்கு ஒண்ணு ஆயிடக் கூடாது லா."

அப்போதுதான் என் வாயிலிருந்து எல்லாம் கொட்டியது. பூ வாங்க வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். நான் நின்றபடியே சொன்னேன், நட்சத்திரக் குறியைப் பற்றி, டாக்டரின் தாளைப் பற்றி, சாத்திய கதவைப் பற்றி. அக்கா நாரை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் ஒட்டினது?"

"எல்லாம் சரி அக்கா. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல."

"நீ எப்ப பார்த்த?"

"நீங்க சிங்க்ல இருக்கும்போது."

"பச்சை வந்த பிறகா, அதுக்கு முன்னாடியா?"

"முன்னாடி."

"அப்ப நான் அன்னைக்கு அழுதப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும் அக்கா."

கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினேன். உங்கள் கையால் செய்தது, இதில் ஒரு குறையும் இல்லை, இது உங்களுடையது என்று ஏதோ சொன்னேன். அவர் தன் கையெழுத்தைப் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். காகிதத்தை என் கையிலேயே திருப்பி வைத்து விரல்களை மூடிவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். பிறகு உட்கார்ந்தார். அண்ணியைத் தடுத்துவிட்டு, டாக்டருக்கான மாலையைத் தானே கட்ட ஆரம்பித்தார். ரோஜா, சம்பங்கி, இடையில் மரிக்கொழுந்து. அவ்வளவு நேர்த்தியான மாலையை நான் பார்த்ததில்லை. முடித்து வாழை இலையில் சுருட்டிக் கொடுக்கும்போது, "கேட்டைக்காரி கட்டினதுன்னு அவருகிட்ட சொல்லு" என்றார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

மண்டபத்தில் என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். டாக்டர் தளர்ந்திருந்தார், ஆனால் அதே சந்தனப் பொட்டு, அதே தொண்டை. மாலையைப் போட்டுவிட்டு, கேட்டைக்காரி கட்டியது என்று குனிந்து அவர் காதில் சொன்னேன். "யாரு?" என்றார். நினைவில்லையாம். "வயித்துலயும் தங்கல, தட்டுலயும் தங்கல" என்று அவர் வாக்கியத்தையே அவருக்குச் சொன்னேன். படம் பிடிப்பவர்களுக்காக வைத்திருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. கை மட்டும் மேலே போய் மாலையைக் கழற்றியது. எல்லோரும் மாலையை உடனே கழற்றிவிடுவதுதான் வழக்கம், அதனால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. மேசையில் வைக்காமல், பின்னால் நின்றவரிடம் கொடுத்து வெளியே கொண்டுபோகச் சொன்னார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார், இரண்டு முறை. அன்றைக்கும் மூடநம்பிக்கையைப் பற்றித்தான் ஏற்புரை.

எனக்கு முன்னால் ஒலிவாங்கி இருந்தது. மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். நான் டாக்டரிடம் நிறையக் கற்றுக்கொண்டதாகச் சொல்லி, இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு இறங்கினேன். கைதட்டினார்கள். அன்று கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன், இன்று காதுக்குள் சொன்னேன், நான் அவ்வளவுதான். அவரைப் பார்த்து வந்த குமட்டல் வீடு வரை கூடவே வந்தது. வாய் கொப்பளித்தும் போகவில்லை.

அந்தக் காகிதம் இப்போது என் மேசையில் இருக்கிறது. பென்சில் வட்டம் கொஞ்சமும் மங்கவில்லை. தண்ணீரில் ஊறவைத்து பாக்டீரியாவுக்குள் விட்டால், உள்ளே இருப்பது இன்றும் வேலை செய்யும். அந்த நட்சத்திரம் வரை வந்து நின்றுகொள்ளும். பூக்கடையில் அக்கா என் விரல்களை மூடிவிட்டுச் சொன்னது இதுதான்: "எனக்கு எதுக்கு மா? நீயே வச்சுக்க. இத்தனை வருஷமும் பத்திரமா மூடி வச்சிருந்தது நீதானே."